கேட்டதற்கு மட்டும் பதில்

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் பிறகு வரும், வந்து படுத்தவும் செய்யும். ஆனால் முதலில் எரிச்சல்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இண்டூரைத் தாண்டி, பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பட்டறை. கிரானைட்டில் எழுத்தும் படமும் பொறித்துக் கொடுக்கிற இடம். திறப்பு விழாக் கல், கல்லறைக் கல், கோயில் கல், வீட்டுப் பெயர்க் கல் எல்லாம் செய்வோம். சாயங்காலம் வேலை முடிந்து தர்மபுரிக்குப் பஸ் பிடிக்க ரோட்டில் நின்றேன். என் அறையிலேயே வேலை செய்கிற அவர் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, டவுன் பஸ் இங்க நிக்குங்களா?"

"நிக்குங்கம்மா."

சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். பஸ் வரவில்லை. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் அவரிடமே புலம்பினேன்.

"அந்த பஸ்ஸு நேத்து ஓடலீங்கம்மா. டயரு வெடிச்சு மத்தியானமே பென்னாகரத்துல நின்னுபோச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. கல்லு எறக்கப் போனப்ப பாத்தேன்."

"பாத்துட்டா நிக்கும்னு சொன்னீங்க?"

"இங்க நிக்குமான்னுதானுங்க கேட்டீங்க. ஓடுனா நிக்குங்க."

நக்கல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட மனுஷனின் முகம். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். கண்ணாடியின் ஒரு காலில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். சட்டைக் காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து தினமும் வருகிறவர், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. பொய் சொல்லியும் யாரும் பார்த்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் அரை வார்த்தை வராது.

டீ வந்ததா என்று கேட்டால் வந்துச்சுங்க என்பார். வந்து ஆறி, ஈ விழுந்து கிடக்கிறது என்பதை நாமே எழுந்து போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று அப்பாவின் கல்லறைக் கல்லுக்கு எழுதிக் கொடுத்த விவரத்தைத் திரையில் பார்க்க வந்திருந்தது. "எங்கப்பா பேரு சரியா வந்திருக்குங்களா?" என்று மகன் கேட்டார். "பேரு சரியா இருக்குங்க" என்றார் இவர். எனக்கு ஏதோ உறுத்த, "தேதிண்ணா?" என்றேன். "தேதி தப்புங்கம்மா. செத்துப் பத்து வருசம் கழிச்சுப் பொறந்த மாதிரி இருக்குது" என்றார். அவர்கள் எழுதிக்கொண்டு வந்த தாளிலேயே அப்படித்தான் இருந்ததாம். அந்த மகன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். எது கேட்டாலும் கடைசியில், "வேற ஏதாவது இருக்குங்களாண்ணா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, அக்கறையோடு கேட்டார்:

"எதப் பத்திங்கம்மா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பட்டறையில் ஸ்டிக்கர் உரிக்கிற அக்கா மட்டும் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார். "அவங்க வூட்ல இவருக்கு மேல ஆறு அண்ணனுங்க. இவரு வாயத் தொறக்க ஏது எடம்? அதான் கேட்டா மட்டும் பேசறாரு" என்று ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார்.

இனி வேலையைச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் தாளில் வரைந்த படத்தையோ, போனில் பிடித்த படத்தையோ கொண்டுவருவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் வெக்டர் மென்பொருளுக்குள் போட்டால், படத்தை வளைகோடுகளாக மாற்றித் தரும். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனை. அந்த முனைப் புள்ளிக்கு நோடு என்று பெயர். மாறி வருகிற கோடுகள் ஒழுங்காக வராது, எங்கே பார்த்தாலும் அறுந்து கிடக்கும். ஒரு மயில் தோகையில் மட்டும் முந்நூறு இடத்தில் அறுந்திருக்கும். அறுந்த முனைகளை இணைத்து, கோடு சுற்றி வந்து தன்னோடு மூடிக்கொள்ளும்படி செய்தால்தான் கட்டிங் மெஷின் ஸ்டிக்கரை முழுதாக வெட்டும். வெட்டிய ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டுவோம். உரிக்கிற அக்கா ஊசியோடு உட்கார்ந்து, வெட்டுப்பட்ட துண்டுகளை எடுப்பார். துண்டு போன இடத்தில் மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்தால் கல் குழியும். ஸ்டிக்கர் இருக்கிற இடத்தில் கல் அப்படியே இருக்கும். அக்காவுக்கு ஒரே சட்டம்தான். "வந்தா எடுப்பேன். வரலைன்னா வுட்டுருவேன்."

முனைகளை இணைக்கிற வேலையை அவர் கையால் செய்துகொண்டிருந்தார். இரண்டு நோடைப் பிடி, சேர். அடுத்த இரண்டைப் பிடி, சேர். மயிலுக்குக் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கல்யாணம், குழந்தை என்று ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பையன் மூன்றாம் வகுப்பு போன பிறகு இந்த வேலைக்கு வந்திருந்தேன். இதற்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடுகிற சின்ன புரோகிராம், எழுதினால் பத்து நொடியில் முடியுமே என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்குப் பயங்கர சந்தோஷம்.

"எழுதும்மா. புரோகிராம் வந்துட்டா அப்புறம் இந்த ரூம்ல ரெண்டு நாற்காலி எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர் திரையைப் பார்த்தபடி நோடுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். போகப்போவது யார் நாற்காலி என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்தது. என்னுடையதாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

முதல் ஸ்கிரிப்ட் மிக எளிது. அரை மில்லிமீட்டருக்குள் இரண்டு முனை இருந்தால் இணைத்துவிடு. ஓட்டிப் பார்த்தால் மயிலின் கால் தோகையோடு ஒட்டிக்கொண்டது, அலகு கழுத்துக்குள் போயிற்று. இரண்டு நாள் முட்டிக்கொண்டுவிட்டு, வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்டேன்.

"அண்ணா, பக்கத்துப் பக்கத்துல நாலு முனை இருந்தா எதை எதோட சேக்கணும்னு எப்படிங்க கண்டுபிடிக்கறீங்க?"

"கிட்ட இருக்கறதப் பாக்கக் கூடாதுங்கம்மா. முனை எந்தப் பக்கம் பாத்துப் போவுதுன்னு பாருங்க. அது போற பக்கத்துல நிக்கறதுதான் அதோட ஆளு."

அவ்வளவுதான் விஷயம். தூரத்தோடு கோடு போகிற திசையையும் கணக்கில் எடுத்தேன். மயில் மயிலாகவே வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்கப் போய், வாயை மூடிக்கொண்டேன். பதில் எனக்கே தெரியும்.

அடுத்தது இன்னும் மோசம். திரையில் பார்த்தால் கோடு மூடியிருக்கிறது, இடைவெளி என்று எதுவுமே இல்லை. ஆனால் வெட்டினால் துண்டு கழன்று வரவில்லை. நாலு நாள். வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன், பையனை அடித்தேன். நாலாம் நாள் அவரிடம் போய், "இது ஏண்ணா மூட மாட்டேங்குது?" என்றேன். மவுஸால் அந்த நோடைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினார். அடியில் இன்னொரு நோடு இருந்தது.

"ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்குதுங்க. ஒட்டல."

"நான் நாலு நாளா இதோட மல்லுக்கட்டறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியுங்க."

"காரணம் இதுதான்னும் தெரியுமா?"

"மொத நாளே தெரியுங்கம்மா."

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இப்படியே மூன்று மாதம் நடந்தது. எப்போது முனைகளை இழுத்து ஒட்ட வேண்டும், எப்போது நடுவில் சின்னக் கோடு போட்டு நிரப்ப வேண்டும் என்று கேட்டேன், சொன்னார். நூல் நுழைகிற அளவு சந்து என்றால் இழுத்து ஒட்டலாம், அதற்கு மேல் என்றால் இழுத்தால் வளைவு கெட்டுவிடும், கோடுதான் போட வேண்டும் என்றார். கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒளிக்காமல், மழுப்பாமல் பதில் வந்தது. அந்தப் பதில்கள் எல்லாம் சேர்ந்து அவர் நாற்காலியைத்தான் தள்ளிக்கொண்டிருந்தன. அது தெரியாத அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். "அண்ணா, எல்லா முனையும் சேத்தாத்தானே வேலை முடியும்?"

"சேத்தாத்தாங்க ஸ்டிக்கர் உரியும்."

அதை அப்படியே எழுதினேன். எந்தக் கோடும் திறந்திருக்கக் கூடாது என்பதுதான் ஸ்கிரிப்டின் கடைசி வரி. முதலாளி வருகிற போகிறவர்களிடம் எல்லாம், "நம்ம மேடமே புரோகிராம் எழுதியிருக்காங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு, நான் ஓட்டி முடித்த படத்தைத் திரையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெஷினுக்கு அனுப்புகிற வேலை மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் முனியப்பன் கல் வந்தது. ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு ஊர்க் கோயில். மூன்றடிக் கல்லில் முனியப்பன் முகம், மீசையும் கிரீடமுமாக. ஸ்கிரிப்ட் ஓட்டினேன், பதினோரு நொடி. அவர் பார்த்து அனுப்பினார். மெஷின் வெட்டியது, அக்கா உரித்தார், மணல் அடித்தார்கள். கல்லைக் கழுவிச் சுவரோரம் நிறுத்தினார்கள். பார்க்கிறவர்கள் பயப்படும்படி அவ்வளவு அருமையாக வந்திருந்தது.

கல் தயார் என்று போனில் சொன்ன மூன்றாம் நாள், அதை எடுக்க ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் மாலையோடு வந்தார்கள். முன்னால் வந்த பெரியவர் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். பிறகு மாலையைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணத் தொறந்தது யாருங்க?"

யாருக்கும் புரியவில்லை. பெரியவர் கல்லைக் காட்டிச் சொன்னார். "எங்க முனியப்பனுக்குக் கும்பாபிசேகத்தன்னைக்கு ஸ்தபதி வந்து உளி வெச்சுக் கண்ணத் தொறக்கோணும். நீங்க மிசின்லயே தொறந்து வெச்சிருக்கீங்க. மூணு நாளா இங்கயே நிக்கறாரு. மொதமொதல்ல எதப் பாத்திருக்காரு? உங்க கக்கூசு செவுத்தயா?"

திரும்பிப் பார்த்தால் எதிரே கழிவறைச் சுவர்தான் இருந்தது.

உரிக்கிற அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். சாமி முகம் எது வந்தாலும், நோடு சேர்க்கிற இவர் அதன் கண்ணோரத்தில் இரண்டு முனையைச் சேர்க்காமல் விடுவாராம். சேராததால் அந்தத் துண்டு உரியாது, அக்கா விட்டுவிடுவார், கல்லில் கண் குழியாமல் நிற்கும். மற்ற முகங்களுக்கெல்லாம் கண்ணின் கோட்டையும் சேர்த்து மூடியிருப்பார். பத்து வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. "இந்தத் தடவ துண்டு வந்துச்சுங்க. வந்தா எடுப்பேன்" என்றார் அக்கா.

முதலாளி ஊர்க்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, புதுக் கல்லில் செய்து தருவதாகச் சொல்லி அனுப்பினார். அனுப்பிவிட்டு எங்கள் அறைக்குள் வந்தார். நேராக அவரிடம் போனார்.

"மெசினுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நீ பாத்தியா?"

"பாத்தேங்க."

"கண்ணுக் கோடு ரெண்டும் சேந்து மூடியிருந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சும் கம்முனு அனுப்பியிருக்க. அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, புதுசு. நீ பத்து வருசமாச் செய்யறவன். கேட்டாத்தான் வாயத் தொறப்பேன்னு உக்காந்திருப்ப, உன்னத் தெரியாதா எனக்கு? ஊருக்கு முன்னாடி என் மானம் போச்சு. நாளைல இருந்து வர வேண்டாம்."

முதலாளி வேறு எதுவும் கேட்கவில்லை. அவரும் வேறு எதுவும் சொல்லவில்லை. கைக்குட்டையைக் காலரிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மவுஸை மேஜையின் நடுவில் தள்ளி வைத்தார். எனக்கு ஒரு தலையசைப்பு. போய்விட்டார்.

இதுவரை எழுதியதைப் படிக்கிறவர்கள், அந்த மனுஷனின் குணம்தான் அவர் வேலையைத் தின்றது என்று நினைப்பார்கள். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்க விட்டேன்.

அவர் சொன்னார். அந்தக் கல்லை மெஷினுக்கு அனுப்புவதற்கு முன்னால் எழுந்து என் மேஜைக்கு வந்தார். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தானாக வந்தார். அதற்கு முன் அவர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, முனியப்பன் கண்ண மட்டும் சேக்காம வுட்டுருங்க."

நான் அப்போது வேறொரு பெரிய பெயர்ப் பட்டியலில் ஸ்கிரிப்ட் உறைந்துபோய் நிற்க, அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி நிறுத்தினேன். இத்தனை மாதம் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, இன்றைக்குத்தான் இவருக்குப் பேச நேரம் கிடைத்ததா என்று இருந்தது. ஸ்கிரிப்ட்டில் குறை கண்டுபிடிக்கிறார், நாற்காலி போய்விடும் என்ற பயம் வந்துவிட்டது என்றும் நினைத்தேன். "எல்லாம் சரியாத்தாண்ணா இருக்கு. அனுப்புங்க" என்றேன். கொஞ்ச நேரம் பின்னால் நின்றார். பிறகு போய் அனுப்பினார்.

முதலாளி அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். "அவரு சொன்னாருங்க, நான்தான் கேக்கல." நான்கே வார்த்தைதான். தொண்டைவரைக்கும் வந்தது. பையன் ஸ்கூல் வேன் காசு, வீட்டில் சொல்லிக்காட்டப் போகிற மாமியார், மேடம் எழுதிய புரோகிராம் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. விழுங்கிவிட்டேன். இரண்டில் ஒரு நாற்காலி காலியாயிற்று.

இன்றைக்கும் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறேன். ஸ்கிரிப்டை மாற்றிவிட்டேன். முகம் என்று தெரிந்தால் இப்போது அது நின்று, இதை மூடலாமா என்று கேட்கும். நான் பார்த்து, சாமி என்றால் வேண்டாம் என்பேன். வேலை நன்றாக நடக்கிறது. ஒவ்வொரு முறை அந்தக் கேள்வி திரையில் வரும்போதும் அவர்மேல் ஆத்திரமாக வரும். முதலாளியிடம் ஒரு வார்த்தை, நான் சொன்னேங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் மறுத்திருக்க மாட்டேன். மறுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனால் வீட்டு முன்னால் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"நல்லா இருக்கேங்க."

"வேற வேலை கெடச்சுதுங்களா?"

"கெடச்சுதுங்கம்மா."

எனக்கும் இப்போது கேட்கத் தெரிந்துவிட்டது. "இப்பவும் போறீங்களா?"

"இல்லீங்க. அங்கயும் மிசின் வந்துருச்சு."

தண்ணீரைக் குடித்தேன். கீழே வைத்தேன். அதற்குத்தான் வந்திருந்தேன், கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு எங்கிட்ட வந்து கண்ணைச் சேக்க வேண்டாம்னு சொன்னீங்களே. அதை ஏண்ணா முதலாளிகிட்ட சொல்லல?"

எந்தக் கேள்விக்கும் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. இதற்கு யோசித்தார். கையில் இருந்த தக்காளியைப் பெட்டியில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேங்கம்மா."